தக்காளி சூப் என்று நினைத்தோம்

தொண்ணூறுகளில் என் கணவர் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே வந்திருந்த பிரெஞ்சு இன்ஜினீயர் ஊர் திரும்பும் முன், சென்னையில் ஒரு பிரெஞ்சு உணவகத்துக்கு எங்களை மதிய விருந்துக்கு அழைத்தார். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போனோம்.

மெனுவில் ஒன்றும் புரியவில்லை. கேட்கக் கூச்சப்பட்டு, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினோம். முதலில் சிவப்பாக ஒரு சூப் வந்தது.

"தக்காளி சூப்தான்" என்று கணவர் ஸ்பூனை எடுத்தார். நான் கோவளத்து மீனவர் வீட்டுப் பெண். ஆவி முகத்தில் பட்டதுமே அது இறால் என்று தெரிந்துவிட்டது. அவருக்கோ இறால் ஆகவே ஆகாது. ஒருமுறை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தவர்.

"ஏங்க, வாயில வெச்சிடாதீங்க!" என்று கத்திக்கொண்டே அவர் கையைத் தட்டிவிட்டேன். வெள்ளை விரிப்பெல்லாம் சூப். எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பரிமாறியவர் ஓடிவந்து, "ஆமா மேடம், எறா தலைய வறுத்து அரைச்சதுதான்" என்றார். விஷயம் புரிந்ததும் இன்ஜினீயரின் முகம் வெளுத்தது. தன் கிண்ணத்தையும் எடுத்துப்போகச் சொல்லிவிட்டு, சமையல்காரரையே மேஜைக்கு வரவழைத்தார். அதன்பின் ஒவ்வொன்றையும் விசாரித்து, நிதானமாக ரசித்துச் சாப்பிட்டு எழுந்தபோது மணி நான்கு.

இப்போதெல்லாம் கல்யாணப் பந்தியானாலும், எதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் அவரை உட்கார விடுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.