அக்கா வீட்டு விலாசம்

நகராண்மைக் கழக அமலாக்க அதிகாரி சுகுமாறன் குடியிருப்பது ரவாங்கில். மனைவிக்கு அங்கே தொழிற்சாலை வேலை. அதிகாரிகள் கோலா சிலாங்கூர் வட்டாரத்துக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்று விதி இருந்ததால், அந்த வட்டாரத்துக்குள் புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் அக்கா வீட்டு விலாசத்தைத் தன்னுடையதென்று கொடுத்திருந்தான்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் பக்கத்தில் லைசென்ஸ் இல்லாமல் வடை விற்ற திலகாவின் மேசை, அடுப்பு எல்லாவற்றையும் லோரியில் ஏற்றினான். அவள் கெஞ்சியபோது, "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்கா," என்று வாய் கூசாமல் சொன்னான்.

இன்று விலாசத்தைச் சரிபார்க்க மேலதிகாரி அவனையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா வீடு பூட்டிக் கிடந்தது. அவர் பக்கத்து வீட்டுத் திலகாவிடம் மலாயில் விசாரித்தார். தொலைந்தோம் என்று சுகுமாறனுக்கு வியர்த்துக் கொட்டியது. அவளோ, இந்தத் தம்பி இங்கேதான் இருக்கிறார், காலையில் பல நாள் என் வீட்டில்தான் பசியாறுவார் என்று அடித்துச் சொன்னாள்.

மேலதிகாரி திருப்தியோடு காருக்கு நடந்தார். சுகுமாறனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"என் பொழப்புல நீ மண்ணள்ளிப் போட்டுட்ட. பதிலுக்கு நானும் போடணுமா, தம்பி?"