லாரன்ஸ் சார் விமானத்திலிருந்து இறங்கிய காலை

லாரன்ஸ் சார் இறந்துவிட்டார்.

காலையில் டாக்ஸியில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது பழைய ஆபீஸ் குரூப்பில் மெசேஜ் வந்தது. ஹார்ட் அட்டாக். வேறு யாரோ லாரன்ஸாக இருக்கும் என்று போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்... அவர்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் மினரல் சர்வே செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தோம். சின்ன விமானத்தில் தாழ்வாகப் பறந்து, பூமியின் காந்தப்புலத்தை அளந்து, கீழே என்ன தாது இருக்கலாம் என்று தேடுகிற வேலை.

பைலட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கருவியைப் பார்த்துக்கொள்பவர் லாரன்ஸ் சார். அவர் கொண்டுவரும் டேட்டாவைச் சரிபார்ப்பவள் நான்.

மணிக்கணக்கில் ஒரே திசையில் போய், திரும்பி, மறுபடி போய்... வெயிலில் விமானம் தூக்கித் தூக்கிப் போடும். இறங்கியதும் என்னிடம் ஒரே வரிதான் ரிப்போர்ட். "இன்னிக்கி வாந்தி இல்லம்மா."

அப்படிப்பட்டவர் ஒருநாள் பறக்க மாட்டேன் என்றார்.

வட கர்நாடகத்தில் கேம்ப். மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். அன்று காலை விமானத்தில் ஏறி, பெல்ட் போட்டு, இன்ஜினும் ஸ்டார்ட் செய்த பிறகு அவர் மட்டும் இறங்கி வந்தார்.

"என்னாச்சு சார்?"

"சத்தம் வேற மாதிரி இருக்கும்மா. நான் போவல."

"எப்படி வேற மாதிரி?"

"அது சொல்லத் தெரியல."

இன்ஜினியர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. இரண்டு நல்ல நாள் வீணாகப் போனது. எனக்குக் கோபம்... டெட்லைன் என் தலையில்தான் இருந்தது.

மேனேஜருக்கு மெயில் போட்டேன். மூன்று வரி. 'காரணம் எதுவும் சொல்லாமல் பறக்க மறுத்துவிட்டார்' என்று எழுதினேன்.

அவர் காரணம் சொன்னார். என்னிடம்தான் சொன்னார். 'சத்தம்' என்று எழுதினால் மேனேஜர் இன்னொரு வாரம் செக்கிங் என்பாரோ என்று பயந்து அதை விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் வேறொருவர் ஏறினார். சர்வே முடியும்வரை விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் லாரன்ஸ் சார் சொன்னது தப்பா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு மேனேஜர் அவரைப் பறக்க விடவில்லை. காந்தப்புலத்தை அளக்கத் தரையிலும் வைத்திருக்கும் கருவிக்குக் காவல். பக்கத்தில் இரும்பு வந்தால் அளவு கெட்டுவிடும் என்பதால் பெல்ட் இல்லாமல், செல்போன் இல்லாமல், வெட்டவெளியில் நாள் முழுக்க.

ஒருநாள் டேட்டாவில் திடீரென்று ஒரு ஏற்றம். சாயங்காலம் கேட்டேன். நோட்டைப் பிரித்துக் காட்டினார். 'பதினொன்று இருபது. எருமை. கழுத்தில் இரும்பு மணி.'

சிரித்தேன். அவரும் சிரித்தார். என்மேல் கோபம் இருந்திருந்தால் சிரித்திருப்பாரா...

ஆனால் பெங்களூர் வந்த பிறகு, ஒருமுறை கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார். "நீ மெயிலெல்லாம் நல்லா எழுதுவியாமே. எனக்கு ஒரு லீவ் லெட்டர் எழுதிக் குடேன்."

முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாக இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். எழுதிக் கொடுத்தேன். "தேங்க்ஸ்மா" என்று கையெழுத்துப் போட்டார். தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா?

இன்று மத்தியானம் லீவ் போட்டுவிட்டு காக்ஸ் டவுனில் அவர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் பெட்டி. ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"நீதானே வித்யா? ஒண்ணு கேக்கணும்மா. ஏரோபிளேன் வேலைய ஏன் வுட்டாரு? எங்கிட்ட காது சரியில்லன்னாரு. நான் டாக்டராண்ட இட்டுனு போனேன். காது சுத்தமா இருக்குன்னாரு டாக்டர். அப்புறம் எத்தினி வாட்டி கேட்டும் சொல்லவே இல்ல."

"காதுதாங்க்கா... எங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னாரு" என்றேன்.

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் தலையாட்டினார். நம்பினாரா என்றும் தெரியவில்லை.

கிளம்பும்போது கேட் வரை வந்த மகள் ஷீபா சொன்னாள்: "ஆன்ட்டி, அப்பாவப் பத்தி ஃபேஸ்புக்ல ஏதாச்சும் எழுதுங்க. அம்மாக்குப் படிச்சிக் காட்றேன்."

ஷீபா, எழுதிவிட்டேன். இரண்டு முறை அழித்துவிட்டு, மூன்றாவது முறையாக எழுதியது இது. அம்மாவுக்குப் படித்துக் காட்டு என்று சொல்வதா, வேண்டாம் என்பதா... என்னால் முடிவெடுக்க முடியவில்லை. நீ பார்த்துக்கொள்.

நாளைக் காலை அடக்கம். நான் பின்னால் எங்காவது நிற்பேன்.

போய் வாருங்கள், லாரன்ஸ் சார்.