தொலைந்த பிள்ளைகள் ஏறும் குதிரை

அன்று காலை எங்கள் தொழிற்சாலை பஸ் குனோங் ராபாட் கடைவரிசைக்கு முன்னால் வெகுநேரம் நின்றது. பாக்கியம் அக்கா ஏறும் இடம் அது. அவர் ஒருநாளும் பிந்தியதில்லை. ஓட்டுநர் மூர்த்தி அண்ணன் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு அவருடைய கைப்பேசி அடித்தது. பேசி முடித்து எஞ்சினை அணைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அக்கா போயிட்டாங்க லா."

பின்சீட்டிலிருந்து யாரோ, "எங்க போயிட்டாங்க? இன்னிக்கு லீவா?" என்று கேட்டார்கள்.

மூர்த்தி அண்ணன் தன் பக்கத்தில் அக்கா வழக்கமாக உட்காரும் சீட்டைப் பார்த்தார். அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாக மகள் மீனா அக்கா சொல்லியிருந்தார். ஜெலாப்பாங்கில் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்வரை ஓட்டுநருக்குப் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி மீனா அக்கா என்னிடம் கேட்டார். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள், இப்படி எதுவும் எழுதியதில்லை என்றேன். "அம்மா உன்னப் பத்திதான் வீட்டுல ஓயாம பேசுவாங்க. நீயே எழுது" என்றார். இதை வாசிக்கப்போவது அவர்தான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேர் அக்காவைப் பார்க்கில் பார்த்தவர்கள். மீதிப் பேர் என்னைப்போல் கையுறை கம்பெனியில் பார்த்தவர்கள். ஈப்போவுக்கு வெளியே சுண்ணாம்பு மலையடியில் இருந்த அந்தக் கேளிக்கைப் பூங்காவுக்கு வாசல் பலகையில் ஒரு நீளமான பெயர் இருந்ததாம். யாரும் அதைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது 'பார்க்'தான். அங்கே குதிரை ராட்டினத்தை ஓட்டுவதும் மைக்கில் அறிவிப்பதும் அக்காவின் வேலை. இரண்டும் ஒரே கூண்டுக்குள். இடது கையில் ராட்டினத்தின் நெம்புகோல், வலது கையில் மைக்.

கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் நான் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. "ஆன்ட்டியா? யாருக்கு ஆன்ட்டி? அக்கான்னு கூப்பிடு. இல்லாட்டி உன் பெட்டிய நீயே தூக்கு" என்றார். அதற்குப் பிறகு பதினெட்டு வயதான எனக்கும், ஐம்பதைத் தாண்டிய மூர்த்தி அண்ணனுக்கும் அவர் ஒரே அக்கா.

பார்க் மூடிப் பல வருடம் ஆன பிறகும் மைக் அவரை விட்டுப் போகவில்லை. தினமும் காலையில் பஸ் ஏறியதும் கையை வாயருகே குவித்துக்கொண்டு அறிவிப்பார். பேசும்போது ஒரு தமிழ், அறிவிக்கும்போது வேறொரு தமிழ். "கவனிக்கவும், கவனிக்கவும். மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி செல்வி அவர்கள் இன்றும் தலை சீவாமல் வந்திருக்கிறார். சீப்பு வைத்திருப்பவர்கள் உடனே உதவவும்." செல்வி அக்கா தண்ணீர்ப் போத்தலை ஓங்குவார். பஸ் முழுக்கச் சிரிக்கும். அறிவிப்பில் வராதவர்கள், "அக்கா, நம்மள மறந்துட்டீங்களே லா" என்று குறைப்படுவார்கள்.

பார்க்கின் கதைகளைப் பஸ்ஸில்தான் கேட்டோம். தீபாவளிக்கு மறுநாள் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகச் சனம் வந்து இறங்கும். புதுச் சட்டைகளில் மஞ்சள் காயாமல் இருக்கும். பிள்ளைகள் ஒரு கையில் பஞ்சுமிட்டாயும் இன்னொரு கையில் பக்கத்துப் பிள்ளையின் சட்டையும் பிடித்திருப்பார்கள். பேய் வீட்டில் பேயாக நின்ற ஆளுக்கு இருட்டென்றால் பயமாம். யாராவது உள்ளே வந்தால் நிம்மதியில் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வாராம். அந்தப் பிடியில்தான் எல்லோரும் அலறினார்கள் என்பார் அக்கா. ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்த ஆள் ராட்சத ராட்டினத்தை விட்டு இறங்கவே மாட்டேன் என்றபோது அக்கா மைக்கில் அறிவித்தாராம்: "தங்கள் மனைவி லாரிப் பக்கத்தில் காத்திருக்கிறார். கோபமாக இருக்கிறார். தாங்கள் மேலேயே இருப்பது நல்லது."

பூங்காவின் பின்பக்கம் மலை செங்குத்தாக நிற்கும். அக்கா மைக்கில் ஒரு பெயரைச் சொன்னால் கொஞ்ச நேரத்தில் மலையும் அதைச் சொல்லும். "நான் ஒரு தடவ கூப்பிட்டா போதும். ரெண்டாவது தடவ மலை கூப்பிடும். அதுக்குச் சம்பளம் இல்ல, மத்தபடி நல்ல வேலக்காரன்" என்பார்.

எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கதை வெள்ளைக் குதிரைக் கதை. தொலைந்த பிள்ளைகளை முதலில் ஆபீசில்தான் உட்கார வைப்பார்களாம். பிள்ளை உள்ளே அழும், தாய் வெளியே அழுவாள், நடுவில் ஒரு சுவர். ஒருநாள் அக்கா ஒரு பையனை ஆபீசிலிருந்து தூக்கி வந்து ராட்டினத்தில் இருந்த வெள்ளைக் குதிரைமேல் வைத்தார். "ஆபீஸ்ல வச்சா யாருக்குத் தெரியும்? குதிரைல வச்சா ஊருக்கே தெரியும்." இரண்டாவது சுற்று முடிவதற்குள் தாய் வந்துவிட்டாள். அன்று முதல் வெள்ளைக் குதிரை தொலைந்த பிள்ளைகளுக்கு. யாராவது வந்து கூட்டிப்போகும்வரை எத்தனை சுற்று வேண்டுமானாலும் இலவசம்.

அதற்கு அடுத்த வாரமே தொலையும் பிள்ளைகள் இரண்டு மடங்கானார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர் வரிசையாக வந்து, "நாங்க தொலைஞ்சிட்டோம்" என்று நின்றார்கள். மூன்று பேருக்கும் பின்னால் அவர்களுடைய அப்பாவே நின்றிருந்தார். பார்க் முதலாளியான சீனர் தலையில் கை வைத்துக்கொண்டு, "பாக்கியம், ஹாரி-ஹாரி பூடாக் ஹிலாங்! தினம் தினம் பிள்ள தொலையுது, இது பார்க்கா, காடா?" என்று கத்தினாராம்.

அதற்கு அக்கா கண்டுபிடித்த வழிதான் அவருக்குப் பெரிய பெருமை. "நெசமா தொலைஞ்ச புள்ள ஆளுங்க மொகத்தப் பார்க்கும். பொய்யா தொலைஞ்ச புள்ள குதிரையப் பார்க்கும். இருபது வருசம், ஒரு தடவகூடத் தப்பினதில்ல" என்பார். பஸ்ஸில் எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஏனென்றால் ஒரு தடவை தப்பியது. அது எனக்குத் தெரியும்.

பார்க் மூடுவதற்கு முந்தின வருடம் எனக்கு ஆறு வயது. மஞ்சள் கவுன் போட்டிருந்தேன். குட்டி ரயில் பக்கம் அப்பாவின் கையை விட்டுவிட்டேன். தொலைந்தால் குதிரைக்காரம்மாவிடம் போகவேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நானும் போனேன். அவர் குனிந்து, "என்னாடா, தொலைஞ்சிட்டியா?" என்று கேட்டார். எனக்கு அப்போதும் யார் முகத்தையும் பார்க்க வராது. குதிரையைப் பார்த்தேன். அதன் கழுத்தில் சிவப்புக் குஞ்சம் வரைந்திருந்தது. "ஆங், தெரியுது, தெரியுது. போ போ, அம்மாகிட்ட போ" என்று சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். நான் போய் ரயில் டிக்கெட் கொடுக்கும் பலகைக்கடியில் உட்கார்ந்துகொண்டேன். அன்று சாயங்காலம் மலை எத்தனையோ பிள்ளைகளின் பெயரைச் சொன்னது. என் பெயரைச் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த பிறகுதான் அப்பா என்னைக் கண்டுபிடித்தார்.

கம்பெனியில் பார்த்ததுமே அவரை எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் மனம் வரவில்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. சாப்பாட்டு வேளையில் எனக்கு இடம் பிடித்து வைப்பவர் அவர். என் டப்பாவில் கறி இல்லாவிட்டால் தன் டப்பாவிலிருந்து கேட்காமலே போடுபவர். அவருக்கு அந்த ஒரு பெருமைதான் மிச்சம். அதில் நான் எப்படிக் கை வைப்பேன்?

ஆனால் ஒருநாள் பஸ்ஸில் அந்தக் கதையை முடித்துவிட்டு என்னைக் காட்டினார். "இவள மாதிரி வாய் பேசாத புள்ளையா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும் லா. கண்ணே சொல்லிரும்."

என் வாய் தானாகத் திறந்துவிட்டது. "என்னைய நீங்க ஏத்தலக்கா."

"என்னாது?"

"மஞ்சக் கவுனு போட்டிருந்தேன். நெசமாவே தொலைஞ்சுதான் வந்தேன். நீங்க போ போன்னுட்டீங்க."

அவ்வளவு நீளமாக நான் அந்தப் பஸ்ஸில் பேசியது அதுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை. அக்கா என்னையே பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று நாள் பஸ்ஸில் அறிவிப்பு இல்லை. "என்னாக்கா, ஸ்பீக்கர் பழுதா?" என்று மூர்த்தி அண்ணன் சீண்டிப் பார்த்தார். செல்வி அக்கா வேண்டுமென்றே தலையைக் கலைத்துக்கொண்டு வந்தார். அதற்கும் ஒன்றும் இல்லை. நான் கையுறைகளை அடுக்கிக்கொண்டே என் நாக்கைக் கடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். நான் பேசாமலே இருந்திருந்தால் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

நான்காம் நாள் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஞாயித்துக்கிழம வேல இருக்கா? இல்லாட்டி என்கூட வா. மூர்த்தி காடி கொண்டு வாரான்."

மூர்த்தி அண்ணனின் பழைய காரில் ஆயர் தாவார் பக்கம் போனோம். வழியெல்லாம் எண்ணெய்ப்பனை. அக்கா பிறந்த ரப்பர் தோட்டம் அங்கேதான் எங்கோ இருந்ததாம். இறங்கிப் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்டார். "மரத்தையா பார்க்க வந்தோம்? ஓட்டு லா" என்றார். சாலையோரத்தில் ஒரு பூச்செடிக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். காகிதப்பூத் தொட்டிகளுக்கு நடுவில் அது நின்றது. வெள்ளை பாதி உரிந்துபோய், ஒரு காது உடைந்து, கழுத்தில் சிவப்புக் குஞ்சம் மட்டும் அப்படியே. பார்க்கை மூடியபோது கடைக்கார அங்கிள் அதை வாங்கி வந்திருக்கிறார். அக்கா மூன்று நாளாக யார் யாருக்கோ போன் போட்டு விசாரித்துத்தான் இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"ஏறு" என்றார்.

"அக்கா, ஆளுங்க பார்க்குறாங்க."

"பார்க்கத்தான் ஏத்துறது. ஏறு."

நான் மூர்த்தி அண்ணனைப் பார்த்தேன். "எனக்கென்ன தெரியும், நான் டிரைவர்" என்றார். அங்கிள், தொட்டியை மட்டும் உடைக்காதே என்று மலாயில் சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயை மூடினார். ஏறினேன். கால் இரண்டும் தரையைத் தொட்டன.

அக்கா நான்கடி தள்ளி நின்று கையைக் குவித்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகச் சுற்றிப் பார்த்தார். "இங்க மலை இல்லையே. மூர்த்தி, நீ அங்க போய் நில்லு. நீதான் மலை."

"நான் மலையா?"

"உன் வயித்துக்கு வேற என்னா வேசம் கொடுக்கிறது? போ."

அண்ணன் மாங்கன்றுகளுக்குப் பின்னால் போய் நின்றார். அக்காவின் குரல் எழுந்தது.

"கவனிக்கவும், கவனிக்கவும். மஞ்சள் கவுன் அணிந்த ஒரு பெண் பிள்ளை நம்மிடம் இருக்கிறாள். பெயர் தர்ஷினி. அவள் உண்மையாகவே தொலைந்தவள். குதிரைக்காரி தவறாகச் சொல்லிவிட்டாள். பிள்ளையைச் சேர்ந்தவர்கள் உடனே வரவும்."

"தர்ஷினி…" என்றது மாங்கன்றுகளுக்குப் பின்னாலிருந்து மலை. "உடனே வரவும்…"

செடி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மலாய் அம்மா கைதட்டினார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் இறங்கத் தோன்றவில்லை. அக்காவே வந்து என் கையைப் பிடித்து இறக்கினார். "நான்தான் புள்ளையச் சேர்ந்தவ. கையெழுத்து எங்க போடணும்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் சொன்னார்: "இனிமே சட்டத்த மாத்தணும்டி. ஆளையே பார்க்காத புள்ளைய முதல்ல குதிரைல ஏத்து. கேள்வியெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்."

மறுநாள் காலை பஸ்ஸில் அந்தச் சட்டத் திருத்தம் முறையாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு குதிரைக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் "ஒரு தடவ தப்பியிருக்கு, அது இந்தா உட்கார்ந்திருக்கு" என்று முடிப்பார். முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள். அவருடைய பெருமைக்கு ஒரு குறையும் வரவில்லை.

அக்கா என்னிடம் விட்டுப்போனது அந்தத் திருத்திய சட்டம்தான். அது எதற்கு உதவும் என்று போன வாரம்தான் தெரிந்தது. குனோங் ராபாட்டில் ஒரு புதுப் பெண் ஏறினாள். எங்கே உட்காருவது என்று யாரிடமும் கேட்கவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. பஸ் மணிக்கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓட்டுநருக்குப் பக்கத்து சீட் மட்டும்தான் காலி. அதைத் தொட யாருக்கும் மனமில்லை.

நான் எழுந்துபோய் அவளை அந்த சீட்டில் உட்கார வைத்தேன். அதன் பிறகுதான் பெயரைக் கேட்டேன். பிறகு கையை வாயருகே குவித்தேன்.

"கவனிக்கவும்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "புதிதாக ஒருவர் ஏறியிருக்கிறார். பெயர் பவித்ரா."

என் குரல் இரண்டாவது வரிசை வரைதான் எட்டியிருக்கும். மூர்த்தி அண்ணன் கியரைப் போட்டார். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், பஸ் முழுக்கக் கேட்கும்படி நீட்டிச் சொன்னார்.

"பவித்ரா…"