செவ்வந்தி கேட்காமல் விட்ட பேர்

மலைமேல் இருக்கிற அந்த ஆஸ்பத்திரியில், செவ்வந்தி ஊசி போட்டால் வலிக்காது என்று பொம்பளைங்களிடம் ஒரு பேச்சு இருந்தது. எல்லார் கையிலும் ஒரே ஊசிதான். அவள் பேசுகிற விதத்தில் இருந்தது சமாச்சாரம். சாமை விதைக்கிற வீட்டில் பிறந்து, திருப்பத்தூர் போய் நர்சுக்குப் படித்துவிட்டு, மறுபடி மலைக்கே வேலைக்கு வந்தவள். இங்கத்துப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அம்மாவே ரேஷன் கடையில், பேர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்லி இடுப்பில் இடிப்பவள்தான்.

வார்டுக்குப் பெரிய சிஸ்டர் ஜெயசுதா, கீழே ஊர்க்காரி. சர்க்கரைக்குப் போடுகிற இன்சுலின் மாதிரி, தப்பினால் ஆளையே கொண்டுபோகிற மருந்துக்கு அவளிடம் ஒரே சட்டம். ரெண்டு நர்ஸ் பார்க்கணும். மருந்து, அளவு, ஊசி எல்லாத்தையும் ஒருத்தி பார்த்ததை இன்னொருத்தி தனியாகப் பார்க்கணும். கட்டிலுக்கும் ரெண்டு பேரும் போகணும். அங்கே நோயாளியோ கூட இருக்கிறவங்களோ நோயாளி பேரை அவங்க வாயால் சொல்லணும்.

"நாம பேரை எடுத்துக் குடுக்கவே கூடாது. எடுத்துக் குடுத்தா எந்தப் பேருக்கும் தலையாட்டுவாங்க" என்பாள்.

பொம்பளைங்களுக்கு ஜெயசுதாவைக் கண்டாலே ஆகாது. "நாலு பேரு முன்னால புருஷன் பேரைக் கூவச் சொல்றா பாரு" என்று முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். செவ்வந்தி திட்டு வாங்காமல் அதையே விளையாட்டாக்கி விடுவாள்.

"உங்க வூட்டுக்காரர் பேரு இன்னாக்கா?"

"ராத்திரி வானத்துல கீறாரே, அவரு."

"நட்சத்திரமா?"

"அய்ய, ஒண்ணே ஒண்ணு கீறாரே!"

"ஓ, ஏரோப்ளேனா?"

வார்டே சிரிக்கும். கடைசியில் பக்கத்துக் கட்டில்காரி "சந்திரன்னு எழுதிக்க தாயி, ஊசி ஆறிடப் போவுது" என்பாள். சட்டமும் நிற்கும், வெட்கமும் நிற்கும். அப்படியே இருந்திருக்கலாம்.

நாளாக ஆக விடுகதைக்கு நேரம் போதவில்லை. செவ்வந்தியே பேரைச் சொல்லுவாள், பெண்கள் தலையாட்டுவார்கள். நம்ம மலைக்காரியை நாமே சங்கடப்படுத்துவானேன் என்று நினைத்துக்கொள்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது.

அந்தத் தை மாசம் லீவு முடிந்து அவள் டூட்டிக்கு வந்த சாயங்காலம், ஜன்னல் ஓரக் கட்டிலில் கிருஷ்ணன் என்கிற சர்க்கரைக்காரர் இருக்கவேண்டியது. கால் புண்ணோடு வந்தவர். குளுக்கோஸ் ஏற்றின கை வீங்கிப்போனதால், மணிக்கட்டில் கட்டியிருந்த பேர்ப் பட்டையை அறுத்து, கட்டில் கம்பியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். மத்தியானம் அவருக்குக் குளிர்காற்று தாங்கவில்லை. அடுத்த கட்டிலில் சின்னதம்பி, புளி உலுக்க மரமேறுகிற ஆள், காய்ச்சலில் அனலாகக் கிடந்தான். அவன் பெண்டாட்டி பாஞ்சாலையும் கிருஷ்ணன் பெண்டாட்டியும் தங்களுக்குள்ளே பேசி, யாரையும் கேட்காமல் ஆட்களை மாற்றிப் படுக்க வைத்துவிட்டார்கள். ஆட்கள் மாறினார்கள். பேர் கம்பியிலேயே நின்றுவிட்டது.

செவ்வந்தி இன்சுலினை எடுத்தாள். கூட வேலை பார்க்கிற காவியா மேசையருகே வந்து மருந்துப் புட்டியைப் பார்த்தாள், அந்த மருந்துக்கு உண்டான சிவப்பு மூடி ஊசிதானா என்று பார்த்தாள், அளவையும் பார்த்தாள். எல்லாம் சரி. அதற்குள் பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

"அக்கா, கட்டிலுக்கு நீங்களே போய்ட்டு வந்துடுங்க" என்று ஓடினாள். "நீயும் வா" என்று செவ்வந்தி சொல்லவில்லை.

ஜன்னல் கட்டிலில் ஒரு ஆள் கம்பளிக்குள் முணுமுணுத்துக் கிடந்தான். காலடியில் பாஞ்சாலை.

"வூட்டுக்காரர் பேரு இன்னாக்கா?"

பாஞ்சாலை முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

பிரசவ அறையில் மறுபடி சத்தம். செவ்வந்தி கம்பியைப் பார்த்தாள். "கிருஷ்ணன்தானே?"

பாஞ்சாலை தலையை ஆட்டினாள்.

சின்னதம்பி கையில் அவன் பேர் போட்ட பட்டை இருக்கத்தான் இருந்தது, கம்பளிக்குள்ளே. ஒரு கை நீட்டி விலக்கியிருந்தால் போதும்.

சர்க்கரை நோயே இல்லாத உடம்பில், வெறும் வயிற்றில், அந்த ஊசி இறங்கியது. செவ்வந்தியும் பிரசவ அறைக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் விடுகிறது என்று பாஞ்சாலைக்குச் சந்தோஷம். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, கம்பளியை இன்னும் நன்றாக இழுத்துப் போர்த்திவிட்டாள். புருஷன் தூங்குகிறான் என்று சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு வண்டியும் தாமதம். பிரசவம் முடிந்து செவ்வந்தி வார்டுக்குள் வந்தபோது, அடுத்த கட்டிலில் கால் கட்டோடு கிடந்தவர் தலையைத் தூக்கிக் கேட்டார்.

"இன்னா சிஸ்டரு, சோறு வந்துடுச்சி, இந்தக் கிருஷ்ணனுக்கு இன்னிக்கி ஊசி கெடையாதா?"

அப்படியானால் ஜன்னலோரம் ஊசி வாங்கினது யார்? ஜன்னல் பக்கம் திரும்பும்போதே சின்னதம்பிக்கு வலிப்பு வந்து கட்டில் ஆடியது. ஓடிப்போய் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். டாக்டரிடம் மறைக்கவில்லை. "ஆள் மாத்திப் போட்டுட்டேன் சார், நான்தான்" என்றாள். வண்டியில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனோடு அவளே போனாள். ஒவ்வொரு வளைவிலும் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். உயிர் பிழைத்தான். பழைய சின்னதம்பி மட்டும் திரும்பவில்லை. பேச்சு இழுத்தது, யோசனை நின்று நின்று வந்தது. மரத்தடிக்குப் போவான். எதற்கு வந்தோம் என்று நிற்பான்.

விசாரணை நடந்தது. கொஞ்ச காலம் ஊசியைத் தொடவிடாமல் வைத்து, பிறகு விட்டார்கள். இப்போது அவள் ஜெயசுதாவைவிடக் கெடுபிடி. காவியா கட்டிலருகே வந்து நிற்காமல் ஊசியைத் தூக்க மாட்டாள். பட்டையைப் பார்க்காமல், பேரை அவர்கள் வாயால் கேட்காமல் நகர மாட்டாள். "இவளும் கீழே ஊர்க்காரி ஆயிட்டா" என்று பொம்பளைங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும்.

வலிப்பு மாத்திரை வாங்க பாஞ்சாலை அவனைக் கூட்டிக்கொண்டு வருவாள். முதல் தடவை வந்த அன்று செவ்வந்தி எழுந்து நின்றாள். அவனை யாரென்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டாள்.

"பேரு சொல்லுக்கா."

பாஞ்சாலை முந்தானையைத் தொடவில்லை. "சின்னதம்பி" என்றாள், வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி. "இப்ப பேரைச் சொல்லிக் கூப்பிட்டாதான் திரும்பிப் பாக்குறாரு. எனக்கும் பழகிப்போச்சி."

"அன்னிக்கி நான் வேற பேரு சொன்னப்போ தலையாட்டினியே, ஏன்க்கா?"

"நீ சொன்னது வேற பேருன்னு தெரிஞ்சிது. ஊசி புடிச்சிக்கினு நிக்கிற பொண்ணு, எதிர்த்துப் பேசினா கோவத்துல அழுத்திக் குத்திடுவியோன்னு பயம். எந்தப் பேரா இருந்தா இன்னா, ஊசி இவருக்குத்தானேன்னு நெனச்சிட்டேன்." அவள் புருஷன் தோளில் நழுவின துண்டை எடுத்துப் போட்டாள். "இன்னொரு வாட்டி நின்னு கேட்டிருந்தியானா ஜாடையிலயாவது சொல்லியிருப்பேன் கண்ணு."

செவ்வந்தி குனிந்துகொண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அன்று பட்டை ஒன்றும் இல்லை அதில். புளிய மரம் உராய்ந்த பழைய தழும்புதான் இருந்தது. அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான், யாரென்று தெரியாமல். மாத்திரையை எடுத்துக்கொடுக்கக் காவியாவைக் கூப்பிட்டாள். காவியா வந்து நிற்கிற வரைக்கும் அந்தக் கையை விடவில்லை.