வீட்டில் பட்டதாரி எவரும் இல்லை

விஏஓ ஆபீஸில் அன்று நான்கு பேர் இருந்தோம். கிராம நிர்வாக அலுவலர், எங்கள் ஊர்க்காரரான தலையாரி, அப்பா, நான். யாருடைய சான்றிதழுக்காக அந்த விசாரணையோ அவள், என் தங்கை, அங்கே இல்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள் என்று நான்தான் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

அவள் பிளஸ் டூ முடித்த கோடை அது. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை. நான் பி.இ. முடித்துவிட்டு, கீரனூரில் பஸ் ஏறி தினமும் திருச்சிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். அதனால் படிப்பு சம்பந்தமாக எது வந்தாலும் வீட்டில் ஒரே பதில்தான்: "அண்ணன்ட்ட கேளு."

என்ன படிக்கப்போறே என்று யார் கேட்டாலும் தங்கை "தெரியல" என்பாள். ஒரே ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவளாகப் பேச்சை எடுத்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதனை முகாம் வந்திருந்ததாம். ஒரு அக்கா கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, பிள்ளைகளை எழுத்து வாசிக்கச் சொன்னதாம்.

"அதுக்குன்னு தனியா படிப்பு இருக்காமேண்ணே?"

"கண்ணாடிக் கடையில நிக்கிறதுக்கா ஒன்னய இம்புட்டுத் தூரம் படிக்க வச்சது?"

அம்மா சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. உண்மையில் அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. தெரியாது என்று அம்மா முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

நானே முடிவு செய்தேன், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்று. திருச்சிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரிக்கு அவளைக் கூட்டிப் போனேன். சேர்க்கைப் பிரிவில் இருந்தவர் எனக்கு நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, வார்த்தைக்கு வார்த்தை "சார்" என்றார். "நீங்களே படிச்சவங்க சார், ஒங்களுக்கு நான் சொல்லணுமா?" வேலை பார்க்கும் இடத்தில் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்கே அட்வான்ஸைக் கட்டி, தங்கையின் டிசி, மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே கொடுத்துவிட்டு வந்தேன். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்கவில்லை.

ஃபீஸை நினைத்து அப்பா கலங்கியபோது நான் தைரியம் சொன்னேன். "எனக்குக் கழிச்ச மாதிரி இவளுக்கும் முதல் பட்டதாரி சலுகையில கழிச்சிருவாங்கப்பா." அவர் நிம்மதியாகிவிட்டார்.

இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்த பெண் கேட்டாள். "வீட்ல வேற யாரும் டிகிரி முடிச்சிருக்காங்களா?"

"நான் முடிச்சிருக்கேன். பி.இ." நிமிர்ந்துதான் சொன்னேன்.

"அப்ப ஒங்க தங்கச்சிக்குக் கெடைக்காதுங்க. வீட்டுக்கு மொத ஆளுக்கு மட்டுந்தான்."

சலுகையின் பெயரிலேயே முதல் என்று இருக்கிறது. அந்தச் சலுகையில் நான்கு வருஷம் படித்தவன் நான்.

அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய், தப்பு பண்ணிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேறொரு மையத்துக்குப் போய், குடும்ப விவரத்தில் அண்ணன், பன்னிரண்டாம் வகுப்பு என்று போடச் சொன்னேன். வீட்டில் பட்டதாரி எவரும் இல்லை என்ற உறுதிமொழிக்குக் கீழே அப்பாவைக் கையெழுத்துப் போடவைத்தேன். "இதெல்லாம் நடைமுறைதாம்ப்பா" என்றேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகப் போட்டார்.

விஏஓ அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார். "பையன் என்ன படிச்சிருக்காப்ல?"

"பன்னெண்டோட நின்னுட்டாங்கய்யா," என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் எம்மவன் பி.இ. என்று ஆரம்பிக்கிறவர் அவர்.

தலையாரிதான் வாயைத் திறந்தார். "ஏந்தம்பி, திருவிழா பேனர்ல ஒம் படத்துக்குக் கீழ பி.இ.ன்னு பெருசாப் போட்டிருந்துச்சே? அது வேற ஆளா?"

விஏஓவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படிச்ச புள்ள, அப்பாவ இப்புடி மாட்டிவிடலாமா? பொய்க்குக் கையெழுத்துப் போட்டதுக்கு அவரு மேலல்ல கேஸ் வரும்," என்று சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார். அதற்கு மேல் எதுவும் செய்யாமல் விட்டது அவருடைய நல்ல மனசு.

அப்பாவும் நானும் கிளம்பினோம். ஊர் எல்லை வந்ததும், "நீ படிக்கலன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான் பாரு," என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப ஃபீஸ முழுசாக் கட்டணுமா?"

"ஆமா."

"வேணாண்ணே. நீ சொன்னியேன்னுதான் நான் சரின்னேன்."

"பிடிக்கலைன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்குப் பிடிச்சதச் சொன்னேனே. அம்மாகூட இருந்துச்சு."

கல்லூரிக்கு இரண்டு தடவை அலைந்தேன். அதே ஆள், அதே மேசை. நாற்காலியும் இல்லை, சாரும் இல்லை. "சீட்டக் கேன்சல் பண்ணா அட்வான்ஸ் திரும்ப வராது தம்பி. கேன்சலுக்குத் தனியாக் கட்டுனாத்தான் சர்டிஃபிகேட்," என்றார். கட்டினேன். டிசி கைக்கு வந்த பிறகுதான் கண் பரிசோதனைப் படிப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று விசாரித்தேன். விசாரிக்க இரண்டே இரண்டு போன் தேவைப்பட்டது. இரண்டு இடத்திலும் சேர்க்கை முடிந்திருந்தது.

புதுக்கோட்டையில் அரசுக் கல்லூரியில் கணிதத்தில் ஒரு இடம் மிச்சமிருந்தது. இப்போது அவள் அதைப் படிக்கிறாள். கணக்கு அவள் கேட்டதல்ல. எப்படிப் போகுது என்று கேட்டால், "பரவால்லண்ணே" என்கிறாள். பழைய "தெரியல"வையே கேட்டுவிடலாம் போலிருக்கிறது.

அட்வான்ஸும் கேன்சல் பணமும் என் சம்பளத்தில் அடங்கவில்லை. அம்மா கறவை மாட்டை விற்றாள். ஆக மொத்தம் போனது முப்பத்து நாலாயிரத்து முந்நூறு ரூபாய்.