பினாங்கைச் சிங்கப்பூரோடு சேர்த்தவள்

1987ஆம் ஆண்டில் சில மாதங்கள் மலேசியாவின் பினாங்கு சிங்கப்பூரின் ஒரு பகுதியாக இருந்தது. இரண்டு அரசாங்கங்களுக்கும் இது தெரியாது. பினாங்கில் குடியிருந்தவர்களுக்கும் தெரியாது. சேர்த்துவைத்தவள் பிரிஜட். அவளும் அப்படி நினைத்துச் செய்யவில்லை.

பிரிஜட் செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா மரியஅந்தோணிக்குத் தளத்தின் பண்டகசாலையில் வேலை. வெள்ளைக்காரர்கள் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிய வருஷம் அவள் பள்ளிப்படிப்பை முடித்தாள். அப்பாவின் வேலை நிலைக்குமா என்று வீடே பயந்து கிடந்தபோது, தட்டச்சுப் பரீட்சை எழுதி, ராபின்சன் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியின் டெலக்ஸ் அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

ஜன்னல் இல்லாத அறை. இங்கே அடித்தால் வெளிநாட்டில் அச்சாகும் அந்த டெலக்ஸ் இயந்திரம் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஆனால் ராட்டர்டாமில் எந்தக் கப்பல் தாமதம், கராச்சியில் எந்த மாலுமிக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் முதலாளிக்கு முன்பே அவளுக்குத் தெரியும். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தொழிலில் விரல் படித்ததை வாய் சொல்லக்கூடாது.

அந்தக் கட்டடத்தில் இன்னொரு பழக்கமும் இருந்தது. மேல்மாடிகளில் சின்னச் சின்னக் கம்பெனிகள். ஒருவர் கப்பலுக்குக் காய்கறி ஏற்றுவார், இன்னொருவர் கயிறு விற்பார். சொந்தமாக டெலக்ஸ் வைக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் தங்கள் கடிதத்தாளில் ஏஜென்சியின் டெலக்ஸ் எண்ணையே அச்சடித்துக்கொள்வார்கள். வெளிநாட்டுக்காரர்களைப் பொறுத்தவரை அவர்களும் அந்த ஏஜென்சிதான். செய்தி வந்தால் பிரிஜட் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு மாடியேறிப் போய்க் கொடுப்பாள். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அவள் மேசையில் பலகாரம் வந்து சேரும். முதலாளிக்கும் தெரியும், அவர் கண்டுகொண்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏஜென்சி ஆட்களைக் குறைத்தது. பிரிஜட் மாலை வகுப்புக்குப் போய்க் கணினி கற்று, நகரின் மேற்குப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கழகத்தின் கணினி மையத்தில் சேர்ந்தாள். சில ஆண்டுகளில் அங்கே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கணினித் தொடர்பு வந்தது. எஞ்சினியர்கள் இணைப்பைக் கட்டி முடித்தார்கள். ஆனால் போய்ச் சேராமல் திரும்பி வரும் மெயிலைப் பார்ப்பதும், எந்த இயந்திரத்துக்கு என்ன பெயர் என்ற அட்டவணையைத் திருத்துவதும் தபால்காரர் வேலை போல அவர்களுக்குத் தோன்றியது. அதைப் பிரிஜட்டிடம் தள்ளிவிட்டார்கள். அவளுக்கு அதைவிடப் பிடித்த வேலை வேறொன்று இருக்க முடியாது. பழைய டெலக்ஸ் அறைதான், ஆனால் சத்தமில்லாமல்.

பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி தினமும் காலையில் தொலைபேசி வழியாகக் கூப்பிட்டு, தன் மெயிலை இங்கே இறக்கிவிட்டு, வந்ததை எடுத்துக்கொண்டு போகும். அந்த முனையில் இருந்தவர் அப்துல் முத்தலிப். திரையில் ஆங்கிலத்தில் தட்டித் தட்டிப் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் இணைப்பு மூன்றாவது தடவை அறுந்தபோது அவர் ஆங்கில எழுத்தில் ‘சனியன்’ என்று அடித்தார். பிரிஜட் அதே எழுத்தில் ‘நானா, லைனா?’ என்று கேட்டாள். அன்றிலிருந்து தமிழ்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஓஃபீர் ரோடு மாதா கோயிலில் பூசை முடிந்து, தேக்கா சந்தையில் ஆட்டுக்கறிக்கு நின்றுகொண்டிருந்தபோது அக்கா ரோசம்மா மெல்ல ஆரம்பித்தாள்.

“அந்தப் பினாங்குக்காரரு நல்லா இருக்காரா?”

“கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்தவரு. பொண்டாட்டி பேரு பரீதா. மூணு பிள்ளைங்க. போதுமா?”

“நான் ஒண்ணும் கேக்கலையே லா.”

“கேக்காமத்தான் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிற.”

“கறியப் பாக்குறேன்டி. எலும்பா போடுறான்.”

முத்தலிப்பின் கணினிக்கு உலக அட்டவணையில் சொந்தப் பெயர் இல்லை. பெயர் வேண்டுமென்றால் அமெரிக்காவில் அந்த அட்டவணையை வைத்திருந்தவர்களுக்கு எழுத வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வெளிநாட்டிலிருந்து பினாங்குக்கு மெயில் வர வழியில்லை. ‘ஏதாவது செய்ய முடியுமா?’ என்று அவர் கேட்டார். பிரிஜட் யோசிக்கவே இல்லை. மாடிக் கம்பெனிகளுக்குச் செய்ததைத்தான் செய்தாள். தன் கழகத்தின் பெயருக்குக் கீழே, கிளை போல, பினாங்கு என்று ஒரு பெயரை எழுதிவைத்தாள். மறுநாளே மெயில் பாய்ந்து வந்தது. அவள் பிரித்து அனுப்பினாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒருவரைத் தவிர. முத்தலிப்பின் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் இருந்தார். கடலோரச் சதுப்புக் காடுகளைப் பற்றி ஆராய்பவர். ஐரோப்பாவில் ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தார். மாநாட்டு நிகழ்ச்சிநிரல் அச்சாகி வந்தபோது அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘சிங்கப்பூர்’ என்று இருந்தது. மெயில் முகவரியில் சிங்கப்பூர்க் கழகத்தின் பெயரைப் பார்த்து அங்கே யாரோ அப்படிப் போட்டுவிட்டார்கள். அவருடைய துணைவேந்தர் அதைப் பார்த்துவிட்டு, எப்போது ராஜினாமா செய்தீர்கள் என்று கேட்டாராம். இரண்டு நாடும் பிரிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் அது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருக்கவில்லை.

பேராசிரியரின் கோபம் முதலில் முத்தலிப் மேல் பாய்ந்தது. ஒப்பந்த வேலையில் இருந்தவர் அவர்; ஒப்பந்தம் ஆண்டு முடிவோடு தீரப் போகிறது. அடுத்து கோபம் சிங்கப்பூருக்கு வந்தது.

கணினி மையத்தின் தலைவர் டாக்டர் சுந்தரம் பிரிஜட்டைக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இந்த வெளிநாட்டு இணைப்புக்காக மேலே இருப்பவர்களிடம் இரண்டு வருஷம் நடையாய் நடந்தவர்.

“அடுத்த வாரம் இங்க மீட்டிங், தெரியும்ல? நாலு நாட்டுக்காரங்க வராங்க, நேம்ஸ் பத்திப் பேச. அந்தப் புரொபசரும் வராரு. இந்தக் கதை மேலிடத்துக்குப் போச்சுன்னா, லைனையே கட் பண்ணுன்னு சொல்லிடுவாங்க.”

“நான்தானே டாக்டர் எழுதினேன்.”

“எனக்குத் தெரியும். அங்க சொல்ல வேணாம். பினாங்கு மெஷின் தப்பா செட் ஆகியிருந்துச்சு, நாங்க கவனிக்கலை. அவ்வளவுதான். நீங்க நோட்ஸ் எடுங்க, வாயத் திறக்காதீங்க. வெளிய தெரிஞ்சா உங்கள அந்த டேபிள் பக்கமே விடமாட்டாங்க, பிரிஜட். அப்புறம் டேட்டா என்ட்ரிதான்.”

அவள் திரைக்குத் திரும்பினாள். முத்தலிப் காத்திருந்தார்.

‘என்ன சொன்னாங்க?’

‘தப்பு உங்க பக்கம்னு சொல்லப் போறாங்க.’

திரையில் எழுத்துகள் வந்தன: ‘சொல்லட்டும். நான் கேட்டதாலதானே செஞ்சீங்க. எனக்குக் கப்பல் இருக்கு. போனாப் போகுது.’

கப்பலில் ரேடியோ ஆபீசர்களைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதை அவரே போன மாதம் அவளிடம் சொல்லியிருந்தார்.

கூட்டம் கழகத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. நீள மேசை, குளிர்ந்த அறை, தட்டுகளில் கறிப்பஃப். பிரிஜட் சுவரோரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். முத்தலிப்பை அன்றுதான் முதலில் பார்த்தாள். ஒல்லியான, உயரமான மனிதர். எழுத்தில் இருந்த குறும்பு முகத்தில் இல்லை. பேராசிரியருக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

தலைமை தாங்கியவர் பாங்காக்கிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள். சிரித்த முகம். எல்லோரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். முதலில் தங்களை அறிமுகம் செய்துகொள்ளட்டும், இந்த வேலைக்கு வருமுன் என்ன செய்தோம் என்பதையும் சொல்லட்டும் என்றார் அவர். தான் நூலகராக இருந்ததாகவும், புத்தகத்துக்கு எண் போட்டவள் இப்போது இயந்திரத்துக்குப் பெயர் போடுவதாகவும் சொல்லித் தொடங்கிவைத்தார். ஒருவர் பூகம்பம் அளந்தவர். ஒருவர் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். இன்னொருவர் கணக்கு வாத்தியார். இந்தத் தொழிலைப் படித்துவிட்டு வந்தவர் ஒருவர்கூட இல்லை. சொல்லிக்கொடுக்க எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. ஒவ்வொருவரும் எங்கிருந்தோ கிளம்பி, வழிதவறியோ தவறாமலோ இந்த மேசைக்கு வந்திருந்தார்கள். முத்தலிப் தன் முறை வந்ததும், கப்பல் ரேடியோ, என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பிறகு பேராசிரியரின் புகார் வந்தது. நிகழ்ச்சிநிரலை மேசைமேல் வைத்தார். டாக்டர் சுந்தரம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பினாங்குப் பக்கத்து அமைப்பில் ஏற்பட்ட சிறு பிழை என்று ஆரம்பித்தார். முத்தலிப் தலையைக் குனிந்துகொண்டார்.

பிரிஜட்டின் பேனா ‘பினாங்குப் பக்கத்து’ என்பதுவரை எழுதிவிட்டு நின்றது. டெலக்ஸ் அறையில் அவள் எத்தனையோ பொய்களை அடித்து அனுப்பியிருக்கிறாள். சரக்கு ஏற்றாத கப்பலுக்குச் சரக்கு ஏற்றியாயிற்று என்று அடித்திருக்கிறாள். அவையெல்லாம் முதலாளிகளின் பொய். இது அவள் செய்ததைப் பற்றியது.

“மன்னியுங்கள்,” என்றாள் ஆங்கிலத்தில். எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பினார்கள். “நான் இன்னும் என்னை அறிமுகம் செய்துகொள்ளவில்லை.”

டாக்டர் சுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார்.

“நான் டெலக்ஸ் ஆபரேட்டராக இருந்தேன்,” என்றாள் பிரிஜட். மாடிக் கம்பெனிகளைப் பற்றிச் சொன்னாள். அடுத்தவர் எண்ணில் வந்த செய்திகளைச் சுமந்துகொண்டு படியேறியதைச் சொன்னாள். “பினாங்கு மெஷினில் எந்தத் தப்பும் இல்லை. அந்தப் பெயரை எழுதியது நான். உதவி என்று நினைத்துத்தான் எழுதினேன்.”

சிக்னல்காரர் சிரித்துவிட்டுச் சட்டென்று அடக்கிக்கொண்டார். பேராசிரியர் சிரிக்கவில்லை.

“அந்தக் கம்பெனிக்காரர்கள் உங்களிடம் வந்து கேட்டார்கள், இல்லையா?”

“ஆமாம்.”

“என்னிடம் யார் கேட்டார்கள்? என் பெயர், என் ஊர். நான் எங்கே இருக்கிறேன் என்று நீங்களும் இவரும் முடிவு செய்துவிட்டீர்கள்.”

இத்தனை நாளும் தன் தரப்பை மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்த பிரிஜட்டுக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. மாடிக்காரர்கள் தாங்களே விரும்பி அவள் எண்ணுக்குள் வந்தார்கள். பேராசிரியர் அப்படி வரவில்லை. முத்தலிப் கேட்டார், அவள் செய்தாள். இரண்டு ஆபரேட்டர்கள் தங்களுக்குள் பேசி முடித்த விஷயம்.

“கேட்டிருக்க வேண்டும்,” என்றாள்.

பேராசிரியர் நிகழ்ச்சிநிரலை மடித்துப் பையில் வைத்தார்.

அன்று பிற்பகல் முழுக்க அதைச் சுற்றியே பேசினார்கள். சம்பந்தப்பட்டவர் தாமாகக் கேட்காமல் யார் பெயரையும் யாருடைய பெயருக்குக் கீழேயும் எழுதக்கூடாது என்பது முடிவாயிற்று. ஒவ்வொரு நாட்டு அட்டவணைக்கும் ஒரே ஒருவர் பொறுப்பு. சிங்கப்பூருக்கு டாக்டர் சுந்தரம் தன் பெயரைச் சொன்னார்.

“எனக்கு அதில் சம்மதமில்லை,” என்றார் பேராசிரியர். “இதே தப்பு நாளைக்கும் நடக்கும். நடந்தால் என்னிடம் சொல்கிற ஆள் வேண்டும். அந்த டெலக்ஸ் அம்மாவைப் போடுங்கள்.”

டாக்டர் சுந்தரம் நெற்றியைத் தடவினார். பிறகு அவளைப் பார்த்துத் தமிழில், “என்ன பண்றது, எழுதிக்குங்க உங்க பேரையே,” என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம். புதிய விதிப்படி பழைய பெயரை உடனே நீக்க வேண்டும் என்பதையும் அவரே நினைவூட்டினார்.

மறுநாள் முத்தலிப் பஸ் ஏறுமுன் தேக்காவில் சாப்பிட்டார்கள். ரோசம்மாவும் வந்திருந்தாள், ஆளைப் பார்க்க. அவர் பிரியாணியைப் பிசைந்துகொண்டே, “புரொபசர் நேத்து மீட்டிங் முடிஞ்சு வரும்போது டாக்ஸில ஒரு வார்த்தை பேசலை. இறங்கும்போது, கான்ட்ராக்ட் பத்தி ஆபீஸ்ல பேசுறேன்னாரு,” என்றார்.

“நல்லதுதானே,” என்றாள் பிரிஜட்.

“நல்லதுதான். ஆனா மெயில் வராத ஆபீஸ்ல நான் என்னத்தக் கிழிக்கப் போறேன்? அமெரிக்காக்காரன் பேர் குடுக்கிறவரைக்கும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.”

“வேற வழியில்ல, முத்தலிப். என் கையாலதான் அழிக்கணும்.”

“அழிங்க. நான் பஸ் ஏறினப்புறம் அழிங்க. அதுவரைக்கும் சிங்கப்பூர்க்காரனா இருந்துட்டுப் போறேன்.”

“சிங்கப்பூர்க்காரரு குப்பையக் கீழ போடமாட்டாரு,” என்றாள் ரோசம்மா, அவர் கீழே நழுவவிட்ட எலுமிச்சைத் துண்டைக் காட்டி. மூவரும் சிரித்தார்கள். அவர் குனிந்து எடுத்தார்.

பிரிஜட் பிற்பகலில் மையத்துக்குத் திரும்பி அட்டவணையைத் திறந்தாள். பினாங்குக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த மெயில் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டாளா என்று இருமுறை பார்த்தாள். பிறகு அந்த வரியை அழித்தாள். சரிபார்க்க வேண்டுமென்று, இல்லாமல் போன அந்தப் பெயருக்கு ஒரு வெற்று மெயில் அனுப்பினாள். உடனே திரும்பி வந்தது. அப்படி ஓர் இடமே இல்லை என்றது இயந்திரம். எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அவள் டாக்டர் சுந்தரத்துக்குத் தெரிவித்தாள். அதன் பிறகு, பினாங்குக்குச் சொந்தப் பெயர் கேட்டு அமெரிக்காவுக்கு எழுத வேண்டிய கடிதத்தின் வரைவை, பேராசிரியர் பார்த்துச் சம்மதிப்பதற்காக, நிதானமாக அடிக்கத் தொடங்கினாள்.