இன்னாசியம்மாள் வெட்டிய செடி

எங்கள் தெருவில் கவாத்து என்றால் இன்னாசியம்மாள்தான். பட்டுப்புழுவுக்காக இருபது வருடம் மல்பெரி வளர்த்தவர். செடியைத் தரையோடு ஒட்ட வெட்டுவார். ஒன்றரை மாதத்தில் இலை குபுகுபுவென்று வந்து நிற்கும். அந்தக் கையைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொன்னது.

மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுக் கலைமதி ஏற்காட்டிலிருந்து இரண்டு ராஸ்பெர்ரிச் செடி வாங்கிவந்து, ஒன்றை இவருக்குக் கொடுத்தாள். தன்னுடையதைக் கொல்லையில் நட்டதோடு சரி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணி துவைத்த தண்ணீர்தான் அதற்குப் பாய்ந்தது. இன்னாசியம்மாளோ எரு வைத்தார், பந்தல் குச்சி நட்டார், வருடம் தவறாமல் மல்பெரிபோலத் தரையோடு வெட்டினார். கலைமதியின் செடியில் பழம் கொத்துக் கொத்தாய்ச் சிவந்தது. இவருடையதில் இலையும் முள்ளும்தான்.

வயிறு எரிந்தது. அதிலும் புருஷன் வியாகுலம் வேலியோரம் நின்று பழம் தின்றுவிட்டு, "கலைமதி கைராசியே தனிதான்" என்று சொன்ன அன்று, அந்த மனுஷனுக்கு ராத்திரிச் சோறு கிடைக்கவில்லை. அந்தச் செடி பட்டுப்போகட்டும் என்று கோயிலில் மண்டியிட்டிருந்தபோதே நினைத்து, அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார் இன்னாசியம்மாள்.

போன பங்குனியில், பழம் ஓய்ந்ததும், கலைமதியே வந்து நின்றாள்.

"அக்கா, முள்ளு மண்டிப்போயி துணி காயப்போட முடியலீங்க. நீங்களே வந்து வெட்டி வுடுங்க."

அரிவாளோடு போனார். தரையோடு வெட்டக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. பழம் பறித்த காம்பெல்லாம் போன வருடத்துத் தண்டில் இருந்தது. இந்த வருடம் முளைத்த பச்சைத் தண்டில் ஒன்றுகூட இல்லை. அடுத்த வருடம் காய்க்க வேண்டிய தண்டைத்தான் இத்தனை நாளும் தன் வீட்டில் வெட்டி எறிந்திருக்கிறார்.

இந்தப் பச்சையையும் வெட்டிவிட்டால் கலைமதிக்கும் பழமில்லை. யாருக்கும் தெரியாது. அரிவாளை ஓங்கியும்விட்டார். ஆனால் வெட்டியது இன்னாசியம்மாள் கை என்று ஊருக்கே தெரியுமே! காய்க்காவிட்டால் ஊர் யாரைச் சொல்லும்?

காய்த்து ஓய்ந்த பழைய தண்டை மட்டும் வெட்டினார்.

"பச்சையத் தொட்டுராத கலை. வர்ற வருசம் அதுலதான் காய்க்கும்."

"எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. அப்பறம் உங்கூட்டுச் செடி மட்டும் ஏங்கக்கா காய்க்கல?"

இன்னாசியம்மாள் அரிவாளை முந்தானையில் மெதுவாகத் துடைத்தார்.

"எங்கூட்டு மண்ணு சரியில்லடி."